துணை தேவைப்படும் விருந்தினர்

"மூத்த விருந்தினர். துணை தேவை. சவாரிகளுக்கு அனுமதி இல்லை" என்று அச்சடித்த மஞ்சள் பட்டையை நுழைவாயிலில் இருந்த பெண் ஜெபசுதாவின் மணிக்கட்டில் சுற்றிப் பார்த்தாள். எட்டவில்லை. வேலையில் இருந்த காலம் முழுக்க எறிபந்து பிடித்த மணிக்கட்டு அது. கடைசியில் இரண்டு பட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டிச் சுற்றினார்கள். ஆக, மற்ற மூத்த விருந்தினர்களைவிட இரண்டு மடங்கு துணை தேவைப்படுபவராக அவர் உள்ளே போனார்.

ஜெபசுதாவுக்கு எழுபத்தொரு வயது. முதலில் நாசரேத்திலும் பிறகு தூத்துக்குடியிலும் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் விடிகாலையில் கடற்கரைச் சாலையில் நடக்கிறார். நடப்பது என்பது அவர் சொல்லும் வார்த்தை; கூடப் போய்ப் பார்த்தவர்கள் வேறு வார்த்தை சொல்கிறார்கள். கேஸ் சிலிண்டரைக் கொண்டுவருகிறவனுக்குச் சுவரில் இடிக்காமல் படியேறத் தெரியவில்லை என்று, அதை மாடிக்குத் தானே தூக்கிக்கொண்டு போகிறவர்.

பட்டையோடு ஒரு சக்கர நாற்காலியும், அதைத் தள்ள பேச்சி என்று ஒரு பணிப்பெண்ணும் வந்தார்கள். பேச்சிக்கு ஐம்பது வயதுக்கு மேல். வலது முழங்காலில் வலி. மூத்த விருந்தினர் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் நாற்காலி பின்னாலேயே போக வேண்டும் என்பது அவளுக்கு இட்ட உத்தரவு. ஆகவே காலை முழுக்க ஜெபசுதா முன்னால் விறுவிறுவென்று நடந்தார். பேச்சி காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் நொண்டினாள்.

"யம்மா, கொஞ்சம் மெதுவாப் போங்க. என் வேலைக்கு உல வச்சிராதிய."

"ஏளா, நீ ஏன் என் பின்னால வாரே? அதுல ஒக்காரு. நான் தள்ளுதேன்."

"சூப்பர்வைசர் பாத்தார்னா என்னய வீட்டுக்கே அனுப்பிருவாரு."

கடைசியில் சாப்பாட்டுப் பைகளை நாற்காலியில் ஏற்றினார் ஜெபசுதா. பூங்காவுக்குள் வெளிச் சாப்பாடு கூடாது. மூத்த விருந்தினரின் பத்தியச் சாப்பாட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. எலுமிச்சைச் சோறும், திரேஸ்புரத்தில் காலையில் வாங்கிப் பொரித்த சீலா மீனும் ஐந்து பேருக்குப் பத்தியமாக உள்ளே போயின.

பூங்கா இருப்பது கயத்தாறுக்குப் பக்கத்தில், நாற்கரச் சாலையை ஒட்டிய கரிசல் காட்டில். பெயர் முத்து உலகம். முத்து எடுத்த கொற்கையில் இன்று நெல் விளைகிறது. கடல் விலகிப் போய் எத்தனையோ காலம். கடல் விலகாத தூத்துக்குடியிலும் முத்துக்குளிப்பு நின்று இரண்டு தலைமுறை ஆயிற்று. ஆகவே முத்துக் குளிக்க விரும்பும் குடும்பங்கள் இப்போது கடலை விட்டுக் கிளம்பி, காற்றாலைகளைக் கடந்து, குளோரின் போட்ட குளத்துக்கு வருகின்றன. ஆட்களைத் தலைகீழாகத் தொங்கவிடும் ராட்டினம் ஒன்றும் அங்கே உண்டு. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட வட்டாரத்தில் மனிதர்களைத் தொங்கவிடுவது புதிதில்லை; தொங்கப்போகிறவர்கள் சிரித்துக்கொண்டே வரிசையில் நிற்பதுதான் புதிது.

வந்தவர்கள் ஐந்து பேர். ஜெபசுதா; அவருடைய மறைந்த அண்ணன் கிருபாநிதியின் மகன் பிரைட்டன், துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் செய்யும் நிறுவனமொன்றில் மேலாளர்; அவன் மனைவி ஜெமி, நர்ஸ்; அவர்கள் மகள் கிருபை, ஒன்பது வயது; பிரைட்டனின் தங்கை பெர்சி, சென்னையிலிருந்து வந்திருந்தாள். பிரைட்டன் நாலு வயதிலும் பெர்சி கைக்குழந்தையாகவும் இருந்தபோது அவர்கள் அம்மா இறந்துபோனாள். அன்றிலிருந்து இருவரையும் வளர்த்தவர் ஜெபசுதா.

ஜெமிக்கு அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. அவளும் பிரைட்டனும் கிருபையும் அடுத்த மாதம் போகிறார்கள். தூத்துக்குடி வீட்டை வாங்க ஆள் வந்தாயிற்று. அத்தைக்கு நாசரேத் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் அறை பேசியாயிற்று. அத்தையிடம் சொல்வது மட்டும் பாக்கி. அதற்காகத்தான் இந்த உல்லாசப் பயணம். வீட்டில் வைத்துச் சொன்னால் அழுகை வரும், நாலு பேர் நடமாடும் இடத்தில் வராது என்பது பெர்சியின் யோசனை. அழப்போவது யார் என்று அவள் சொல்லவில்லை.

அத்தைக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். அறை பேசும்போது பிரைட்டன் செய்த பிழை, வேறு வட்டாரத்துக்காரர்கள் செய்யவே முடியாத பிழை. அந்த இல்லத்தின் கண்காணிப்பாளர் சரண்யாதேவி, தாமிரபரணிக் கரையில் நெல் விளையும் ஊர்க்காரி. மிஷன் பள்ளியில் ஜெபசுதாவிடம் நூறு மீட்டர் ஓடியவள். நாசரேத்தைச் சுற்றி அந்த விசிலுக்கு ஓடாத பெண்கள் குறைவு என்பதை, அந்த விசிலைக் கேட்டே வளர்ந்த பிரைட்டன் மறந்துபோனான். அறை முடிவான அன்று சாயங்காலமே ஜெபசுதாவுக்குப் போன் வந்தது.

"டீச்சர், ஒங்களுக்கு கெழக்கு பாத்த ரூமாப் போட்டிருக்கேன். வேப்பமரத்துப் பக்கம். நல்லாக் காத்து வரும்."

"எனக்கு எதுக்குளா ரூமு?"

அந்தப் பக்கம் பதிவேட்டை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "டீச்சர், நான் ஒங்ககிட்ட ஒண்ணும் சொல்லல, என்ன?" என்றாள் சரண்யாதேவி.

"நீ என்னைக்கும் விசில் அடிக்கிறதுக்கு முந்தியே ஓடுறவதான்" என்று சொல்லிப் போனை வைத்தார் ஜெபசுதா.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அயர்லாந்துக்குப் போகும் ஆசை அவருக்கு இல்லை. குளிர் ஆகாது. விடிகாலையில் அங்கே எந்தக் கடற்கரையில் நடப்பது என்றும் தெரியாது. போவதில்லை என்று அவரே முடிவு செய்திருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பிரைட்டன் ஒரு தடவை, "அத்தை, நீங்களும் எங்ககூட வாறீங்களா?" என்று கேட்க வேண்டும். கேட்டால் சொல்லப் பதில் தயாராக இருந்தது: "அந்தக் குளிர்ல எனக்கு என்னலே வேல? நீங்க நல்லபடியாப் போங்க." துணி மடிக்கும்போது இதை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தார். கோபமாகக் கேட்கக் கூடாது. தியாகம் மாதிரியும் கேட்கக் கூடாது. இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது.

இங்கே அந்தக் குடும்பத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாலு தலைமுறையாகப் படித்தவர்கள். மேடையில் ஏற்றிவிட்டால் இறக்குவது சிரமம். ஆனால் முகத்துக்கு நேரே சொல்லக் கஷ்டமான எதையும் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே இல்லை. குடும்ப ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்வார்கள். சம்பந்தப்பட்டவர் பக்கத்தில் முழங்கால் போட்டபடி கேட்டுக்கொள்வார். பிரைட்டன் பிளஸ் டூவில் கணக்கில் தோற்றது, பெர்சி ஒருவனை விரும்பியது, கிருபாநிதிக்கு டாக்டர் கெடு சொன்னது, எல்லாம் அப்படித்தான் வீட்டுக்குத் தெரியவந்தன. ஜெபம் என்பதால் குறுக்கே பேச முடியாது. முடிவில் எல்லோரும் ஆமென் சொல்லிவிடுவதால் மேல்முறையீடும் கிடையாது.

ஜெபசுதாவின் கல்யாணப் பேச்சும் அப்படித்தான் தீர்ந்தது. அண்ணி இறந்த வருஷம் அது. ஜீவமணி என்று சாத்தான்குளத்தில் ஒரு கணக்கு வாத்தியார். பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்குப் புள்ளி குறிக்க வருவார். உயரம் தாண்டுதலில் யாரும் தாண்டாதபோதுகூட மைதானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று அந்தக் காலத்து மாணவிகள் சொல்வதுண்டு. ஒரு மத்தியானம் அவர் வீட்டார் வந்து பேசி, காபி குடித்துவிட்டுப் போனார்கள். அன்றைய ஜெபத்தில் ஜெபசுதாவின் அப்பா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், "தாயில்லாத இந்தப் பிள்ளைகளுக்கு என் மகளையே தாயாக நியமித்த உம்முடைய கிருபைக்காக ஸ்தோத்திரம்" என்றார். மற்றவர்களோடு சேர்ந்து ஜெபசுதாவும் ஆமென் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் எதற்கென்று புரிந்தது. ஜீவமணி சார் அடுத்த வருஷம் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். கணக்குத் தெரிந்தவர், விடை வந்த பிறகு தாளைக் கையில் வைத்துக்கொண்டிருக்கவில்லை.

பூங்காவில் அன்று காலை பிரைட்டன் பல தடவை முயன்றான். அலைக்குளத்தின் ஓரத்தில் முதல் தடவை.

"அத்தை…"

"என்னலே?"

ஜெபசுதா நிமிர்ந்து, அவன் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

"தண்ணி வேணுமா?"

ரயில் சவாரியின் வரிசையில் மறுபடி. பொம்மைக் கப்பலின் நிழலில் மறுபடி. ஒவ்வொரு தடவையும் அவர் நிமிர்ந்து நின்றார். ஒவ்வொரு தடவையும் ஒரு தண்ணீர் பாட்டில் வந்தது. மத்தியானத்துக்குள் நாற்காலியில் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் பாட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. "ஒங்க வீட்டாளுகளுக்கு ஒங்க மேல எம்புட்டு அக்கற" என்றாள் பேச்சி.

சிப்பி மாதிரிக் கட்டிய கூடாரத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். பேச்சி நாற்காலியைக் கூடாரத்துக்கு வெளியே நிறுத்திவிட்டுத் தன் டிபன் பாக்ஸைத் திறந்தாள். சாப்பாட்டு ஜெபம் எப்போதும் மூத்தவர்தான் செய்வார். ஜெபசுதா கைகளைக் கோத்தபோது, "இன்னைக்கு நான் ஜெபம் பண்ணுதேன், அத்தை" என்றான் பிரைட்டன். பெர்சி தலையைக் குனிந்துகொண்டாள். ஜெமி கிருபையின் தொடையில் தட்டிக் கண்ணை மூடச் சொன்னாள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"அன்பின் பரலோகத் தகப்பனே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம். இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்." குரல் கொஞ்சம் தடுமாறி, பிறகு வேகமெடுத்தது. "ஆண்டவரே, அடியார்களாகிய எங்களைத் தூர தேசத்துக்கு அனுப்பச் சித்தங்கொண்டீரே. எங்கள் அன்பு அத்தைக்கு முந்தியே ஒரு நல்ல ஸ்தலத்தை ஆயத்தம் பண்ணினீரே. அங்கே அவர்களுக்கு ஒரு குறைவும் வராமல் காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்."

மூன்று ஆமென்கள் கேட்டன. அறையைப் பேசியது பிரைட்டன், முன்பணம் கட்டியது பெர்சி; பொறுப்பு முழுவதும் பரலோகத்துக்கு மாறியிருந்தது. யாரும் கண்ணைத் திறக்கவில்லை. சோறு காத்துக்கொண்டிருந்தது.

"சுதா ஆச்சி ஆமென் சொல்லல" என்றாள் கிருபை, ஒரு கண்ணைத் திறந்து. "இப்ப மீன் சாப்பிடலாமா கூடாதா?"

"ஏலே பிரைட்டா" என்றார் ஜெபசுதா. "கண்ணத் திற."

திறந்தான்.

"ஆண்டவருக்குத் தெரிஞ்சததான் அவருகிட்ட சொன்னே. இப்ப எனக்குச் சொல்லு. என்னயப் பாத்துச் சொல்லு."

துறைமுகத்தில் கன்டெய்னர் லாரிக்காரர்களை அதட்டுகிறவன், எலுமிச்சைச் சோற்றைப் பார்த்தான். பிறகு அத்தையைப் பார்த்தான்.

"நாங்க அயர்லாந்து போறோம், அத்தை. அடுத்த மாசம்."

"ம்."

"ஜெமிக்கு நல்ல ஆஸ்பத்திரி. கிருபை படிப்புக்கும் நல்லது."

"ம்."

"ஒங்களுக்கு நாசரேத் பக்கம் ஒரு ஹோம் பாத்திருக்கோம். டாக்டர் வாராவாரம் வாராரு. சாப்பாடு நல்லாருக்கும். வெந்நீர் இருக்கு."

"கெழக்கு பாத்த ரூமு" என்றார் ஜெபசுதா. "வேப்பமரத்துப் பக்கம்."

மூன்று பெரியவர்களும் அவரையே பார்த்தார்கள்.

"சரண்யாதேவி போன் பண்ணினா. நூறு மீட்டர்ல ஜில்லாவுல ரெண்டாவது வந்தவ. இப்ப அங்கன வார்டன்."

"நான் அப்பமே சொன்னேன்லா, அண்ணே" என்றாள் பெர்சி, மூக்கை உறிஞ்சியபடி. "நாசரேத்துப் பக்கமே வேண்டாம், கோயம்புத்தூர்ல பாருன்னு."

"கோயம்புத்தூர்லயும் ஒருத்தி இருப்பா" என்றாள் ஜெமி.

"ஆச்சி, ஒங்க ரூம்ல டிவி இருக்கா?" என்று கேட்டாள் கிருபை.

"விசாரிக்கணும்ளா" என்றார் ஜெபசுதா. அவர் இன்னும் பிரைட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேல சொல்லு."

"அவ்வளவுதான், அத்தை."

"எங்கிட்ட ஒண்ணும் கேக்கணும்னு இல்லியா?"

பிரைட்டன் உண்மையாகவே யோசித்தான். நெற்றியில் வேர்வை துளிர்க்கும் அளவுக்கு யோசித்தான். அவனைக் குறை சொல்வதற்கில்லை; அவனுக்குத் தெரிந்த எல்லா அன்பும் அந்த யோசனையில் இருந்தது.

"ஆமா அத்தை, மறந்தே போயிட்டேன். ஏசி ரூம் வேணுமா, சாதா ரூம் போதுமா?"

"சாதா போதும்" என்றார் ஜெபசுதா.

ஜெமிக்கு ஏதோ போல் இருந்தது. "ஒங்களையும் கூட்டிட்டுப் போக முடியுமான்னு விசா ஏஜென்ட்கிட்ட விசாரிச்சோம், அத்தை. அப்பா அம்மாவுக்கே கஷ்டமாம். அத்தைங்கிற ஒறவு அவங்க கணக்குலயே இல்லையாம்."

"ஏஜென்ட்ட கேட்டியளா?"

"ரெண்டு தடவ கேட்டோம்."

"நல்லது" என்றார்.

பிரைட்டன் அத்தையிடம் கேட்காததற்குக் காரணம் இருந்தது. அவர் சரி என்று சொல்லிவிட்டால், பிறகு தன் வாயால் முடியாது என்று சொல்ல வேண்டிவரும். ஆசை காட்டி ஏமாற்றியதாக ஆகும். ஆகவே கேட்காமல் இருப்பதே மரியாதை என்று முடிவு செய்திருந்தான். அவர் சரி சொல்லிவிடுவாரோ என்று அவன் பயந்தான். அவர் வேண்டாம் என்று சொல்லக் காத்துக்கொண்டிருந்தார். இதில் யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும். ஆனால் அந்தக் குடும்பத்தில் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து பேசியதே அன்றைக்குத்தான். ஒரே நாளில் அதற்கு மேல் அவர்களால் முடியவில்லை.

ஜெபசுதா மீனைப் பங்கு வைத்தார். நடுத்துண்டு பிரைட்டனின் தட்டுக்குப் போனது. வழக்கம்போல முள் எடுத்துப் போட்டார். அவனும் வழக்கம்போலப் பார்க்காமல் சாப்பிட்டான்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் எல்லோரும் வேறு ஆட்களாக மாறிவிட்டார்கள். காலையில் தலைவலி என்று ஒதுங்கிய ஜெமி முத்துக்குளிப்புச் சவாரியில் முதல் ஆளாக ஏறினாள். பெர்சி அழுது முடித்த முகத்தோடு தலைகீழ் ராட்டினத்தில் தொங்கினாள். பிரைட்டன் சின்ன வயதில் கடலில் கால் நனைக்கவே அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவன். இப்போது செயற்கைக் குளத்தின் உச்சியிலிருந்து மகளோடு சறுக்கிவந்து விழுந்தான், எழுந்து ஓடிப்போய் மறுபடி விழுந்தான். அவன் சிரிப்பு மற்றவர்கள் சிரிப்புக்கு மேலே தனியாகக் கேட்டது. அப்படி அவன் சிரித்து ஒரு வருஷமாவது இருக்கும். இத்தனை நாளாக அந்த வீட்டில் எது கனத்துக் கிடந்தது என்று ஜெபசுதாவுக்கு இப்போது தெரிந்தது. அது தான்தான்.

அவர் பைகளுக்குக் காவலாக சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சூப்பர்வைசர் எங்கோ போயிருந்ததால், பேச்சி கடைசியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலை நீட்டித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க மவனா?"

"அண்ணன் மவன்."

"நடக்கது ஒங்கள மாரியே இருக்கு."

"நான்தான் நடக்கப் பழக்கினேன். அடுத்த மாசம் வெளிநாடு போறான். குடும்பத்தோட."

"நீங்க கூடப் போவலியாம்மா?"

முழங்காலைத் தேய்ப்பதை நிறுத்தாமல், முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்டாள். குளத்தில் பிரைட்டன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தான்.

"அந்தக் குளிர்ல எனக்கு என்னளா வேல?" என்றார். "அவங்க நல்லபடியாப் போகட்டும்."

வீட்டில் சொல்லிப் பார்த்ததைவிட நன்றாகவே வந்தது. கோபம் இல்லை. தியாகமும் தொனிக்கவில்லை.

"அதுஞ் சரிதான்" என்றாள் பேச்சி. "நம்ம ஒடம்புக்கு வெயில்தான் லாயக்கு."

ஜெபசுதா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்து மாட்டியவர், மறுபடி கழற்றித் துடைத்தார். சூப்பர்வைசர் வருவதைப் பார்த்துப் பேச்சி துள்ளி எழுந்து, நாற்காலியை ஜெபசுதா பக்கம் திருப்பினாள். "சும்மா ஒரு நிமிசம் உக்காருங்கம்மா, அவருக்குக் காட்டதுக்கு" என்று கெஞ்சினாள். ஜெபசுதா உட்கார்ந்தார். சூப்பர்வைசர் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

திரும்பும் வழியில் ஜெமியும் பெர்சியும் கிருபையும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். முன் இருக்கையில் ஜெபசுதா.

"சொன்னதுக்கப்புறம் மனசு லேசா இருக்கு, அத்தை" என்றான் பிரைட்டன்.

"இருக்கும்."

"நீங்க இவ்வளவு ஈசியா எடுத்துக்கிடுவீங்கன்னு நான் நெனைக்கல."

"ரோட்டப் பாத்து ஓட்டுலே."

அடுத்த மாதம் வீட்டில் யாருக்கும் பெட்டி கட்டத் தெரியவில்லை. ஜெமி குளிர்ச் சட்டைகளை எடுத்து வைப்பாள், எடை கூடிவிட்டது என்று வெளியே எடுப்பாள், அழுவாள். பிரைட்டன் பிறர் சரக்கைக் கப்பலில் ஏற்றித்தான் பழகியவன். ஜெபசுதா தரையில் உட்கார்ந்து அவர்களுடைய பெட்டிகள் எல்லாவற்றையும் பிரித்து அடுக்கினார், நிறுத்துப் பார்த்தார், பூட்டினார். விமான நிலையத்தில் கிருபையின் ஸ்வெட்டருக்குப் பித்தான் போட்டுவிட்டார். அவர்கள் உள்ளே போன பிறகு, தன்னை இல்லத்தில் கொண்டுவிட பிரைட்டன் ஏற்பாடு செய்திருந்த டாக்சியைத் திருப்பி அனுப்பிவிட்டு, தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, பஸ் மாறி நாசரேத்துக்குப் போனார்.